பதவி உயர்வு ஏன் பிந்துகிறது? கிழக்கின் அரச ஊழியர் அறிய வேண்டிய திகதிக் கணக்கு

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு பிரதேச செயலகத்தில் ஒரே நாளில், ஒரே பதவியில் கடமையேற்ற இருவரை எடுத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் ஒருவர் தரம் உயர்ந்து நிலுவைச் சம்பளமும் பெற்றிருப்பார். மற்றவர் இன்னும் மூன்றாம் தரத்திலேயே இருப்பார். 'அவருக்கு ஆள் பலம் இருந்தது' என்பதுதான் இதற்கு அலுவலகங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான தேக்கங்களைப் பிரித்துப் பார்த்தால், எங்கோ தவறவிடப்பட்ட ஒரு திகதிதான் காரணமாக நிற்கும்.

2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்துக்குப் பின்னர் இந்தத் திகதிக்கு விலை கூடியிருக்கிறது. அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என மூன்று கட்டங்களில் அது நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டது. அதே திருத்தத்தில் ஆண்டுச் சம்பள ஏற்றத்தின் பெறுமதி 80 சதவீதம் கூடியது. மிகக் கீழ்நிலையில் 250 ரூபாவாக இருந்த ஏற்றம் 450 ரூபாவானது. இதை 'மாதம் இருநூறு ரூபாதானே' என்று கடந்துவிட முடியாது. தவறவிட்ட ஏற்றம் அடுத்த ஆண்டின் அடிப்படைச் சம்பளத்தையும், கடைசியில் ஓய்வூதியத்தையும் தொடும்.

## முதலில் மூன்றையும் பிரித்தறிவோம்

பேச்சு வழக்கில் 'புரொமோஷன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். விதிகளின்படி அவை மூன்று.

1. சம்பள ஏற்றம். நியமனத் திகதியை ஒட்டி ஆண்டுதோறும் வருவது. வேலையும் வரவும் திருப்திகரமாக இருந்து, தடைதாண்டல் பரீட்சை (சேர்ந்த பின் குறித்த காலத்துக்குள் சித்தியடைய வேண்டிய சேவைப் பரீட்சை) போன்ற நிபந்தனைகளின் காலக்கெடு தப்பாமல் இருந்தால் கிடைக்கும்.

2. தரமுயர்வு. மூன்றாம் தரத்திலிருந்து இரண்டாம் தரம், அதிலிருந்து முதலாம் தரம். இதற்கு வெற்றிடம் தேவையில்லை. நிபந்தனைகளை நிறைவு செய்தால் இருக்கும் கதிரையில் இருந்தபடியே தரம் உயரும்.

3. பதவி உயர்வு. வேறொரு பதவிக்கோ மேல்சேவைக்கோ செல்வது. முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் ஒருவர், அலுவலகங்களில் 'சுப்ரா' என்று அழைக்கப்படும் தரத்துக்குப் போய் நிருவாக உத்தியோகத்தராவதும், மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை மூலம் இலங்கை நிருவாக சேவைக்குள் நுழைவதும் இந்த வகை. இதற்கு வெற்றிடம் வேண்டும், போட்டியும் உண்டு.

தரமுயர்வு பிந்தினால் விண்ணப்பத்தையோ கோவையையோ பார்க்க வேண்டும். பதவி உயர்வு பிந்தினால் வர்த்தமானியையும் பாடத்திட்டத்தையும் பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, பரீட்சையால் மட்டும் கிடைக்கக்கூடிய ஒன்றுக்காக அரசியல்வாதியின் வாசலில் ஆண்டுக்கணக்கில் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

## உங்களை நியமித்தவர் யார்?

ஒரே பிரதேச செயலகத்துக்குள் பல எசமானர்களின் ஊழியர்கள் வேலை செய்கிறார்கள். முகாமைத்துவ சேவை உத்தியோகத்தரும் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இணைந்த சேவைகளைச் சேர்ந்தவர்கள். அவர்களின் விடயங்கள் கொழும்பிலுள்ள இணைந்த சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் கீழ் வருகின்றன. பக்கத்து மேசையில் இருப்பவர் ஒரு மத்திய திணைக்களத்தின் ஊழியராக இருப்பார். பிரதேச சபையிலோ மாகாணத் திணைக்களத்திலோ இருப்பவர், மாகாண நிருவாகம் இருக்கும் திருகோணமலையை நோக்க வேண்டியவர். 1987ஆம் ஆண்டின் மாகாண சபைகள் சட்டம் மாகாணத்துக்கென ஒரு தனி அரச சேவை ஆணைக்குழுவை உருவாக்கியது. வடக்கும் கிழக்கும் இணைந்திருந்த காலத்தில் ஒன்றாக இருந்த மாகாண நிருவாகம், 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து 2007 ஜனவரியில் பிரிந்தது. அந்தக் கால நியமனம் பெற்றவர்களின் பழைய ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்ற கேள்வி சிலருக்கு இன்னும் தலைவலி.

நியமனக் கடிதத்தில் கையொப்பமிட்டவர் யார், அது எந்தச் சேவைப் பிரமாணக் குறிப்பைச் சுட்டுகிறது என்ற இரண்டையும் பார்த்தால் போதும். சேவைப் பிரமாணக் குறிப்பு என்பது ஒரு சேவையில் நுழைவது முதல் மேலே போவது வரையான எல்லா விதிகளையும் கொண்ட ஆவணம். அது வர்த்தமானியில் வெளியாகும். ஒரு திணைக்களத்துக்கு மட்டும் உரிய பதவியானால் அதற்கு 'ஆட்சேர்ப்புத் திட்டம்' என்று பெயர். சக ஊழியர் சொல்வதைக் கேட்டு நடப்பதிலுள்ள ஆபத்து இங்கேதான்: அவருடைய சேவை வேறாக இருந்தால் விதியும் காலக்கெடுவும் வேறு.

## தரமுயர்வின் நிபந்தனைகள்

2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கையின் சம்பளக் கட்டமைப்புக்கு ஏற்ப எழுதப்பட்ட பெரும்பாலான சேவைப் பிரமாணக் குறிப்புகளில், முகாமைத்துவ உதவியாளர் மட்டப் பதவிகளுக்கான தரமுயர்வு நிபந்தனைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கின்றன.

1. அந்தத் தரத்தில் பத்து ஆண்டுகள் திருப்திகரமாகக் கடமையாற்றி, பத்துச் சம்பள ஏற்றங்களையும் உழைத்திருக்க வேண்டும்.
2. தரமுயர்வுத் திகதிக்கு உடனடியாக முந்திய ஐந்து ஆண்டுகள் திருப்திகரமான சேவைக்காலமாக இருக்க வேண்டும். அதாவது ஒழுக்காற்றுத் தண்டனைகளின் கறை இருக்கக் கூடாது.
3. செயலாற்றுகை மதிப்பீட்டில் திருப்திகரமான மட்டமோ அதற்கு மேலோ பெற்றிருக்க வேண்டும்.
4. வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையை உரிய காலத்தில் சித்தியடைந்திருக்க வேண்டும்.
5. மற்றைய அரசகரும மொழியில் உரிய மட்டத் தேர்ச்சியைப் பெற்றிருக்க வேண்டும்.

ஐந்தில் முதல் இரண்டும் சாதாரணமாக வேலை செய்பவருக்குத் தானாக நிறைவேறுபவை. மூன்றாவது எளியது, ஆனால் அடிக்கடி காலை வாரிவிடுகிறது. மதிப்பீட்டுப் படிவத்தை ஆண்டுதோறும் நிரப்பி மேலதிகாரியின் கையொப்பம் பெற்று வைக்காமல், பத்தாம் ஆண்டில் ஒரேயடியாகத் தேடினால் என்னவாகும்? அன்றைய மேலதிகாரி ஓய்வு பெற்றிருப்பார். அடுத்தவர் வெளிநாடு போயிருப்பார். மூன்றாமவர் 'அந்தக் காலத்தில் நான் இங்கே இல்லை' என்பார். ஒவ்வொரு ஆண்டுப் படிவத்தின் நிழற்பிரதியையும் வீட்டில் வைத்திருப்பதற்குச் சில ரூபாதான் செலவு.

நான்காவதையும் ஐந்தாவதையும் ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் பார்ப்போம். ஒருவர் 2016 ஜனவரி 1இல் மூன்றாம் தரத்தில் நியமனம் பெறுகிறார். முதலாவது தடைதாண்டல் பரீட்சைக்கு மூன்று ஆண்டு, மொழித் தேர்ச்சிக்கு ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்வோம்.

- பரீட்சைக் கெடு: 2019 ஜனவரி 1.
- மொழிக் கெடு: 2021 ஜனவரி 1.
- எல்லாம் நேரத்துக்கு நடந்தால் இரண்டாம் தரம்: 2026 ஜனவரி 1.

அவர் தடைதாண்டல் பரீட்சையில் 2021 ஜனவரியில்தான் சித்தியடைந்தார் என்றால், 2026க்கு முன்னரே எல்லாம் கையில் இருக்கிறது. ஆகவே சிக்கல் இல்லை என்று அவர் நினைப்பார். சிக்கல் இருக்கிறது. உரிய காலத்தில் சித்தியடையாதவரின் தரமுயர்வை, பிந்திய காலத்தின் அளவுக்கே ஒத்திவைக்கும் விதி பல சேவைகளில் உண்டு. அப்படியானால் இரண்டு ஆண்டுத் தாமதம் அவரை 2028க்குத் தள்ளும். முதலாம் தரமும் அதே அளவு பிந்தும். சுப்ரா பரீட்சைக்கு இவ்வளவு காலம் இந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் அதுவும் பிந்தும். ஓய்வு பெறும் நாள் மட்டும் பிந்தாது.

## சிங்களம் என்ற தடை: பழைய காயமும் இன்றைய விதியும்

கிழக்கில் அதிகம் பேரைத் தடுத்து நிறுத்துவது ஐந்தாவது நிபந்தனைதான். அதைப் பற்றிய கசப்புக்கும் காரணம் உண்டு.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1961இல் வந்த திறைசேரிச் சுற்றறிக்கை ஒன்று, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத பழைய உத்தியோகத்தர்களின் சம்பள ஏற்றத்தையும் நிறுத்தியது. செல்லையா கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசை எதிர்த்து வழக்காட முடியாது என்று கூறி உயர் நீதிமன்றம் 1967இல் அதை மாற்றியது. 1969 டிசம்பரில், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்காட முடியும் என்று தீர்த்தது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை மட்டும் தீர்க்காமல் விட்டது. நிறுத்தப்பட்ட சம்பள ஏற்றத்துக்காக ஓர் எழுதுவினைஞர் தொடங்கிய வழக்கு நாட்டின் சட்ட வரலாற்றில் இடம்பிடித்தது.

இன்றைய விதி அதுவல்ல. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிருவாக மொழியாக்கியது. அரச சேவையில் சேருவதற்கான பரீட்சையைத் தமிழில் எழுதும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. சேர்ந்த பின் நியாயமான காலத்துக்குள் மற்றைய மொழியைக் கற்கும்படி கேட்கலாம் என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. அந்த இரண்டாம் பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை. 2007 ஜூலை 1ஆம் திகதியின் பின் சேர்ந்தவர்கள் ஐந்து ஆண்டுக்குள் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டும். பின்வந்த சுற்றறிக்கைகள், குறிப்பாக 2020ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கம், மட்டங்களையும் முறைகளையும் மாற்றியமைத்தன. சிங்கள உத்தியோகத்தர் தமிழ் கற்க வேண்டும் என்பதும் இதே விதிதான்.

காகிதத்தில் சமம். நடைமுறையில் சமமா என்பது வேறு கேள்வி. கொழும்பிலிருந்து வரும் கடிதமும் சுற்றறிக்கையும் முதலில் சிங்களத்தில் வருவதும், தமிழ்ப் பிரதி பின்னால் வருவதும், சில வேளை வராமலே போவதும் இங்கே யாருக்கும் புதிதல்ல. அப்படிச் சிங்களத்தில் மட்டும் சுற்றறிக்கை வந்தால் முறையிட 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. முறையிடலாம், முறையிடவும் வேண்டும். ஆனால் அந்த முறைப்பாடு உங்கள் மொழிக் கெடுவை நிறுத்தி வைக்காது.

இரு மாவட்டங்களின் நிலையும் ஒன்றல்ல. மட்டக்களப்பின் 14 பிரதேச செயலகங்களில் வாகரையிலோ வெல்லாவெளியிலோ வேலை செய்பவர் ஆண்டுக்கணக்கில் ஒரு சிங்கள வாக்கியமும் பேசாமல் கடமையை முடிக்கலாம். தேவையில்லாத மொழி மனதில் நிற்காது. கெடு நெருங்கும்போது பழைய வினாத்தாளை மனனம் செய்வதில் போய் முடியும். எழுத்துப் பரீட்சையில் அது ஓரளவு உதவும். வாய்மொழிப் பரீட்சையில் உதவாது. அம்பாறையில் 20 பிரதேச செயலகங்கள். மாவட்ட செயலகம் அம்பாறை நகரில். கல்முனை, சம்மாந்துறை, திருக்கோவில், பொத்துவில் உத்தியோகத்தர்கள் மாவட்டக் கூட்டங்களுக்குப் போய்ச் சிங்களத்தைக் கேட்டுப் பழகுகிறார்கள். பேச்சு ஓரளவு வரும், எழுத்துதான் இடறும். ஆகவே இரு மாவட்டத்தாருக்கும் ஒரே வகுப்பு, ஒரே கையேடு என்பது வீண்வேலை. மட்டக்களப்பில் பேச்சிலிருந்தும், அம்பாறைக் கரையோரத்தில் எழுத்துக்கூட்டி வாசிப்பதிலிருந்தும் தொடங்குவதே பொருத்தம். உகணையிலும் மகா ஓயாவிலும் தமிழ்த் தேர்ச்சிக்காகத் தவிக்கும் சிங்கள உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு தொலைபேசியில் வாரம் ஒரு மணிநேரம் பேசிப் பழகுவது, கட்டண வகுப்பை விடப் பயன் தரும்.

## மேல்சேவைக்குப் போகும் வழி

தரம் உயர்வது காலத்தின் வேலை. மேல்சேவைக்குப் போவது உழைப்பின் வேலை. 1963இல் பழைய சிவில் சேவையின் இடத்தில் வந்த இலங்கை நிருவாக சேவைக்கு வெளியிலிருந்து வருவோருக்குத் திறந்த பரீட்சை, ஏற்கெனவே அரச சேவையில் இருப்போருக்கு மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை, நீண்ட அனுபவமும் திறமையும் உள்ளோருக்குத் தனி வழி என மூன்று வாயில்கள். மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை ஆண்டு தவறாமல் நடப்பதல்ல. அறிவித்தல் வந்த பின் படிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் நேரம் போதாது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்தான் விண்ணப்பக் கெடுவைத் தவறவிடாதவர்.

2020இல் பட்டதாரிப் பயிலுநர்களாகச் சேர்ந்து, பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களானவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வந்தாறுமூலையிலும் (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவிலிலும் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) பட்டம் பெற்ற பெருந்தொகையினர் இந்தச் சேவைக்குள் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். ஒரே வயது, ஒரே முதுநிலை, ஒரே தகைமை. இத்தனை பேருக்கும் மேலே கதிரைகள் இல்லை. கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுவது தடைதாண்டல், மொழி, போட்டிப் பரீட்சை மூன்றும்தான்.

பதில் கடமை பற்றிய மயக்கமும் பரவலானது. நிருவாக உத்தியோகத்தரின் கதிரை வெற்றிடமானதும் அனுபவமுள்ள ஒருவரை அந்தக் கடமையைப் பார்க்கச் சொல்வார்கள். ஓராண்டு இரண்டாண்டாகி, அது தன் கதிரை என்றே அவர் எண்ணத் தொடங்குவார். பிறகு பரீட்சையில் தேறிய ஒருவர் நியமனக் கடிதத்தோடு வருவார். கடமையைப் பார்த்தது அந்தப் பதவிக்கு உரிமை கோரும் தகுதி ஆகாது. அலுவலகத்தில் மிகக் கெட்டிக்காரர் என்பதற்காகவே பதில் கடமையில் அமர்த்தப்பட்டு, அந்தச் சுமையாலேயே படிக்க நேரமில்லாமல் போனவர்களின் நிலைதான் இதில் மிகவும் அநியாயமானது.

## மேலே போனால் வெளியே போக வேண்டும்

பல பதவி உயர்வுகள் இடமாற்றத்தோடு வருகின்றன. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். சிறு பிள்ளையும் வயதான பெற்றோரும் உள்ள ஒரு பெண் உத்தியோகத்தருக்கு, சுப்ராவில் தேறித் தூர மாவட்டம் போவதா, இரண்டாம் தரத்தில் களுவாஞ்சிக்குடியிலேயே இருப்பதா என்பது திறமை பற்றிய கேள்வியே அல்ல. தெரிந்தே மறுப்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'இப்போது போக முடியாது' என்பதற்காகத் தடைதாண்டலையும் மொழியையும் சேர்த்துத் தள்ளிப்போடுவது வேறு விடயம். பிள்ளை வளர்ந்த பின் போகலாம் என்று தீர்மானிக்கும் நாளில் தகுதி கையில் இருக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சுற்றறிக்கை, முதுநிலைக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல் ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் போக வழி திறந்தது. அந்த வழியில் போனவர்கள், தங்கள் தடைதாண்டல், மொழிக் கெடுக்கள் அந்தக் காலத்தில் எப்படிக் கணிக்கப்படும் என்பதை நியமன அதிகாரியிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

தனியார் துறையில் கணக்கு வேறு. பாசிக்குடா விடுதியிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ அரிசி ஆலையிலோ பதவி உயர்வு என்பது சட்ட உரிமை அல்ல, முதலாளியின் தீர்மானம். அங்கே ஊழியரின் பேரம்பேசும் பலம், இன்னோர் இடம் ஏற்றுக்கொள்ளும் சான்றிதழ். ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற் தகைமை முறையில், வகுப்புக்குப் போகாமல் வேலையில் கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழியும் உண்டு. பத்து ஆண்டு சமையற்கூடத்தில் நின்றவருக்கு அது பயன்படும்.

## எல்லாம் சரியாக இருந்தும் பிந்தினால்

இங்கேதான் அமைப்பின் பிழை தொடங்குகிறது. நிபந்தனை எல்லாம் நிறைவேறியும் கோவை ஒரு மேசையில் உறங்கலாம். அப்போது செய்ய வேண்டியவை:

1. எழுத்தில் கேளுங்கள். ஊழியர் விடயங்களைப் பார்க்கும் தாபனக் கிளையில் வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை. தரமுயர்வுத் திகதி, நிறைவேற்றிய நிபந்தனைகள், இணைப்புகளின் பட்டியல் ஆகியவற்றுடன் உரிய வழியினூடாகக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை பெறுங்கள்.

2. தகவல் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். 'ஏன் பிந்துகிறது?' என்று கேட்காதீர்கள். அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். 'என் விண்ணப்பம் எந்தத் திகதியில் எந்தக் கிளைக்கு அனுப்பப்பட்டது, அதன் இலக்கம் என்ன, முதுநிலைப் பட்டியலின் பிரதி' என்று ஆவணமாகக் கேளுங்கள். பல கோவைகள் இந்த விண்ணப்பம் கிடைத்த கிழமையிலேயே நகரத் தொடங்கிவிடும்.

3. மேன்முறையிடுங்கள். மத்திய சேவையாளருக்கு அரசாங்க சேவை ஆணைக்குழு; அதன் தீர்மானமும் பாதகமானால் 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை. மாகாண சேவையாளருக்கு மாகாண ஆணைக்குழு. அதன் பின் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரியின் தீர்மானத்தை நீக்கவோ கடமையைச் செய்விக்கவோ நீதிமன்றம் இடும் கட்டளை) கோரும் வழி பற்றிச் சட்டத்தரணியிடம் ஆலோசிக்கலாம்.

4. பாகுபாடு என்றால் நாளை எண்ணுங்கள். தகுதி குறைந்தவருக்குக் கொடுத்து உங்களுக்கு மறுத்தார்கள் என்றால் அது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்லும் சமத்துவத்துக்குள் வரலாம். உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுவுக்குக் கெடு ஒரு மாதம் மட்டுமே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கெடுவில் சேர்க்கப்படாது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம், கட்டணம் இல்லை.